கெண்டைக்கால் தடித்த பொடியன்கள்

மூன்று வயதுப் பொடியனின் கெண்டைக்கால் உருண்டு திரண்டிருந்தால் "பந்தடிகாரன்தான்" என்று சொல்லிச் சிரிப்பது இலங்கையின் வடக்கில் எங்கள் வன்னிப் பக்கத்து வழக்கம். அதே பொடியன் ஒன்றரை வயது தாண்டித்தான் நடந்திருப்பான். குதிக்கால் நிலத்தில் படாமல் நடப்பான். மற்றப் பிள்ளைகள் ஓடும்போது இவன் இடுப்பை ஆட்டிக்கொண்டு பின்னால் வருவான். இரண்டு காலும் நிலத்தை விட்டு எழும்பும்படி துள்ளச் சொன்னால் துள்ளமாட்டான். அந்தக் கெண்டைக்கால் தடிப்பு பலத்தால் வந்ததல்ல. அழிந்த தசை இருந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொண்டதால் வந்தது. டுஷென் தசைநலிவு என்று இதற்குப் பெயர், தசை படிப்படியாக அழியும் மரபணு நோய். ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவரில் காணப்படுவது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சுவருக்கும் கதிரைக்கும் எட்டாத இடத்தில், நிலத்தில் பிள்ளையைச் சப்பாணி கட்டி இருத்துங்கள். ஒன்றையும் பிடிக்காமல் எழும்பச் சொல்லுங்கள். நாலு வயதுப் பிள்ளை சாதாரணமாக நேரே எழும்பிவிடும். இந்த நோய் உள்ள பிள்ளை முதலில் குப்புறத் திரும்பும், கையையும் காலையும் ஊன்றிப் பின்பக்கத்தை உயர்த்தும், பிறகு கையை முழங்காலில் வைத்து, தொடையில் வைத்து, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுவதுபோல எழும்பும். 1879இல் கோவர்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் விவரித்த அடையாளம் இது. அவர் பெயராலேயே சொல்லப்படுகிறது. இதைக் கைத்தொலைபேசியில் வீடியோவாக எடுத்து, எடுத்த திகதியோடு வைத்திருங்கள். கிளினிக்கில் கதிரையிலிருந்து எழும்பும் பிள்ளையைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கிறான்" என்று அனுப்பிவிடும் ஆபத்துக்கு அந்த அரை நிமிட வீடியோதான் மருந்து. இன்னொன்று: பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்கினால் தோள் இறுகாமல் கைக்குள்ளால் வழுகிப் போகும். இதைத் தாய்மார் கவனித்திருப்பார்கள். யாரும் கேட்காததால் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பெரிய தடுமாற்றம் நடப்பது இரத்தப் பரிசோதனையில். காய்ச்சலுக்கோ வயிற்றுவலிக்கோ எடுத்த இரத்தத்தில் எஸ்.ஜி.பி.ரி., எஸ்.ஜி.ஓ.ரி. என்ற நொதியங்கள் இரண்டும் பல மடங்கு கூடியிருக்கும். உடனே ஈரல் நோய் என்று முடிவாகி, மஞ்சட்காமாலைப் பத்தியமும் கீழ்க்காய்நெல்லியும் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் ஸ்கான் எடுத்துத் திரிவார்கள். இந்த இரண்டு நொதியமும் ஈரலில் மட்டுமல்ல, தசையிலும் உண்டு. அப்படி வந்தால் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று ஜி.ஜி.ரி. என்ற நொதியம், ஈரலில் பழுதென்றால் அதுவும் கூடும், தசையில் பழுதென்றால் சரியாகவே இருக்கும். மற்றது சி.பி.கே., தசையில் இருக்கும் நொதியம். சாதாரணமாக 200 அலகுக்குள் நிற்க வேண்டியது இந்தப் பிள்ளைகளில் 10,000, 20,000 என்று நிற்கும். விளையாடியதால் கூடியதோ என்று யோசிக்க இடமில்லாத அளவு அது. சி.பி.கே. முடிவு வந்த பிறகு ஈரலில் ஊசி குத்தித் துண்டு எடுக்கும் தேவை பெரும்பாலும் இராது.

அடுத்தது மரபணுப் பரிசோதனை. அதற்கு மாதிரி கொழும்புக்குத்தான் போக வேண்டும். கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபியல் அலகு இருக்கிறது. ஊதா மூடி போட்ட ஈ.டி.ரி.ஏ. குழாயில் எடுத்த இரத்தத்தைக் குளிர்ப்பெட்டியில் அனுப்பலாம், ஆனால் உறைய விடக்கூடாது. ஐஸ்கட்டியோடு குழாய் நேரே முட்டாமல் துணியால் சுற்றி வைக்கவேண்டும். முதலில் எம்.எல்.பி.ஏ. என்ற முறையில் பார்ப்பார்கள். இந்த நோய்க்குரிய மரபணுவில் எக்ஸோன் எனப்படும் 79 துண்டுகளில் எது காணாமற் போனது, எது இரட்டித்தது என்று அது காட்டும். மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளில் துண்டு காணாமற் போயிருக்கும், பத்திலொரு பங்கில் இரட்டித்திருக்கும். எம்.எல்.பி.ஏ. "ஒன்றுமில்லை" என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. எழுத்துப்பிழை அளவான சிறு மாற்றம் இருக்கலாம், அதற்கு முழு வரிசையையும் வாசிக்கவேண்டும். இந்த இடத்தில்தான் பல கோப்புகள் மூடப்பட்டுவிடுகின்றன.

முடிவு வந்ததும் வீட்டில் பழி தேடல் தொடங்கும். சொந்தத்துக்குள் கலியாணம் செய்ததால் என்பார்கள். யுத்தத்தில் அடித்த செல்லின் புகை என்பார்கள். தடுப்பூசி என்பார்கள். இந்த மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டும்தான் வருகிறது. ஆகவே தகப்பன் மச்சானா, பிறத்தியானா என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல. தாயின் குற்றமும் அல்ல. மூன்றில் ஒரு பிள்ளையில் தாயிடமே இல்லாத புதிய மாற்றமாகத்தான் அது தோன்றுகிறது. மனித மரபணுக்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று இது, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். அவ்வளவு நீளத்தைப் பிரதியெடுக்கும்போது எங்காவது பிழை விழ இடமிருக்கிறது. ஆனால் தாயின் இரத்தத்தில் மாற்றம் இல்லை என்று வந்தாலும் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து பூச்சியம் அல்ல, சூல்முட்டைகளில் சிலவற்றில் மட்டும் அது இருக்கலாம். மாற்றத்தைச் சுமக்கும் காவியாக இருக்கும் தாய்மாரின் இதயமும் பலவீனப்படலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கான் எடுத்துப் பார்க்கவேண்டும். பிள்ளையைத் தூக்கித் தூக்கி வரும் களைப்பென்று தாய்மார் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இந்த மரபணு செய்யும் புரதத்தின் பெயர் டிஸ்ட்ரோபின். படங்குக் (தார்ப்பாய்) கொட்டிலில் இருந்தவர்களுக்கு விளக்குவது சுலபம். தசைக்கலத்தின் சவ்வு படங்கு என்றால், அதை முளையோடு இழுத்துக் கட்டுகிற கயிறு டிஸ்ட்ரோபின். கயிறு இல்லாவிட்டாலும் காற்றில்லாத நாளில் படங்கு நிற்கும். காற்றடித்தால் கண்ணிகள் கிழியும். தசை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் சவ்வில் சின்னச் சின்னக் கிழிசல். உள்ளே கல்சியம் புகும், வெளியே சி.பி.கே. ஒழுகும். இரத்தத்தில் நாங்கள் அளப்பது இந்த ஒழுக்கைத்தான். கயிற்றின் நுனி நேரடியாகச் சவ்வில் இல்லை, பீட்டா டிஸ்ட்ரோகிளைக்கன் என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்திருக்கிறது. அந்தப் புரதத்தின் வால் முனையில் ஒரு பொசுபேற்றுக் குழு ஒட்டினால் பிடி நழுவும். பொசுபேற்றை ஏற்றியும் இறக்கியும் புரதங்களைக் கட்டுப்படுத்துவது உடம்பு எங்கும் நடக்கும் வேலை. இங்கே முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதும் அதுதான்.

இதுவரை சொன்னது கால். எங்கள் கிளினிக்குகளில் தவறவிடப்படுவது தலை.

டிஸ்ட்ரோபின் மூளையிலும் இருக்கிறது. பெருமூளைப் புறணி, ஞாபகத்துக்கான இப்போகாம்பஸ், சிறுமூளை, பயத்தைக் கையாளும் அமிக்டலா ஆகிய இடங்களில் "அடங்கு" என்ற செய்தியை வாங்கும் காபா வாங்கிகளை நரம்புச் சந்தியில் நிலைநிறுத்துவது அதன் வேலை. ஒரே மரபணுவிலிருந்து குட்டை வடிவங்களும் உண்டாகின்றன. டி.பி.140 வளரும் மூளையில், டி.பி.71 மூளை உட்படப் பல உறுப்புகளில். ஆகவே அறிக்கையில் எக்ஸோன் இலக்கத்தைப் பாருங்கள். 45க்கு அப்பால் என்றால் டி.பி.140 பாதிக்கப்பட்டிருக்கலாம். 63க்கு அப்பால் என்றால் டி.பி.71உம் போகும், கற்றல் தடை கடுமையாக இருக்கும் வாய்ப்பு கூட. சராசரியாக இந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவு எண் 85 அளவில் நிற்கிறது. ஆனால் சராசரி ஒரு பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது, வகுப்பில் முதலாவதாக வருகிறவர்களும் இருக்கிறார்கள். தசையைப் போல இது வருடம் வருடமாக மோசமாவதில்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் போடும் முயற்சி வீண் போகாது.

பொதுவாகப் பலவீனப்படுவது காதால் கேட்டதைச் சற்று நேரம் மனதில் பிடித்து வைத்திருக்கும் திறன். "கொப்பியை எடு, 24ஆம் பக்கத்தைத் திற, மூன்றாவது கணக்கைச் செய்" என்று ஆசிரியர் ஒரே மூச்சில் சொன்னால் பிள்ளை கொப்பியை எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பான். "சொல்வழி கேளாதவன்", "பஞ்சிக்காரன்" என்று பட்டம் விழும். சோதித்துப் பார்க்க: 5, 2, 9, 4 என்று வினாடிக்கு ஒன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஏழு வயதில் நாலு இலக்கத்துக்கே திணறினால், வீட்டிலும் வகுப்பிலும் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது என்று முடிவெடுங்கள். சொன்னதை அவன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகு செய்யவிடுங்கள். வாய்ப்பாட்டைப் பாடமாக்கு என்று அடிப்பதை விட்டு, அட்டையில் எழுதி மேசையில் ஒட்டி, பார்த்துப் போடவிடுங்கள். உயிர்மெய்யை க முதல் ன வரை ஒரேயடியாக ஏற்றாமல் ஒரு கிழமைக்கு ஒரு வரிசை, படத்தோடு. எழுத்து வேலையைப் பாதியாகக் குறையுங்கள், கை களைத்த பிறகு எழுதுவது அறிவை அளக்காது. தரம் 5 புலமைப்பரிசிலுக்கும் சாதாரண தரத்துக்கும் மேலதிக நேரமோ எழுத்துதவியாளரோ கேட்பதென்றால் வைத்தியச் சான்றிதழோடு பாடசாலை மூலம் நேரகாலத்தோடு விண்ணப்பிக்கவேண்டும். பரீட்சைக்கு முதல் மாதம் ஓடித் திரிவதில் பயனில்லை. கவனம் நில்லாமை, ஓட்டிசம், ஒரே விடயத்தில் பிடிவாதம், அளவு மீறிய பயம் என்பவையும் இந்தப் பிள்ளைகளில் மற்றவர்களைவிடக் கூட. வீழ்ந்துவிடுவேன் என்ற பயத்தில் அழுகிறான் என்று நினைப்பதில் பாதி, அந்தக் காபா வாங்கிகளின் கதையாகவும் இருக்கலாம். பேச்சுச் சிகிச்சைக்கும் மனநல கிளினிக்குக்கும் சீட்டுக் கேட்க வெட்கப்படவேண்டாம்.

மருந்தென்றால் முதலில் ஸ்டீரொயிட். நடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று நிற்கிற காலம் ஒன்று வரும், பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள். இறங்கத் தொடங்குமுன் ஆரம்பிக்க வேண்டும். தினமும் பிரெட்னிசொலோன் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம், அல்லது டெப்லசகோர்ட் கிலோவுக்கு 0.9. 20 கிலோப் பிள்ளைக்கு பிரெட்னிசொலோன் 15 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் குளிசை மூன்று. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரேயடியாக. மாலையில் கொடுத்தால் இரவு நித்திரை இல்லை, குழப்படி கூடும். தொடங்க முதல் தடுப்பூசிகளை முடியுங்கள். எம்.எம்.ஆர். இரண்டாவது ஊசி 3 வயதில். கொப்புளிப்பான் ஊசி தேசிய அட்டவணையில் இல்லை, தனியாரிடம் போடவேண்டும். உயிருள்ள தடுப்பூசிகளை இந்த அளவு ஸ்டீரொயிட் எடுக்கும்போது போட முடியாது.

சரி, வன்னியில் எங்கே பிழை நடக்கிறது? இரண்டு இடத்தில். ஒன்று, முகம் ஊதி, முதுகில் மயிர் வளர்ந்து, பசி கிளம்பியதும் அயலவர் "இங்கிலிஸ் மருந்து உடம்பைக் கெடுக்குது" என்பார்கள், குளிசை ஒரே நாளில் நிற்கும். மற்றது, காய்ச்சல் வந்ததும் "காய்ச்சலுக்கு இது கூடாது" என்று நிறுத்துவது. நீண்டநாள் ஸ்டீரொயிட் எடுத்த உடம்பு கோர்ட்டிசோல் என்ற ஓமோனைத் தானே சுரப்பதை விட்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தமும் சீனியும் விழுந்து பிள்ளை சோர்ந்து மயங்கும், உயிருக்கே ஆபத்து. காய்ச்சலில் அளவு கூடத்தான் தேவைப்படும். வாந்தியால் குளிசை தங்காவிட்டால் கிராமத்து டிஸ்பென்சரியில் காத்திராமல் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் "தினமும் ஸ்டீரொயிட் எடுக்கிற பிள்ளை, ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி வேணும்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். மழைக்காலத்தில் குளம் வான் பாய்ந்து வீதி மூடும் கிராமங்களில் ஒரு மாதக் குளிசை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

பசிக்குச் சோற்றைக் குவிக்காதீர்கள். கூடும் ஒவ்வொரு கிலோவும் காலுக்குப் பாரம், பிறகு தாயின் முதுகுக்குப் பாரம். சீனித் தேத்தண்ணி, பிஸ்கட், கலர்ச்சோடா மூன்றையும் வீட்டுக்குள் எடுக்காமலிருப்பதே பாதி வெற்றி. தயிர், முள்ளோடு தின்னும் நெத்தலி, முருங்கையிலை, குரக்கன் எலும்புக்கு. ஸ்டீரொயிட்டால் முள்ளந்தண்டு எலும்பு சத்தமில்லாமல் நசியும். முதுகு நோகுது என்றால் எண்ணெய் பூசி விடாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

குதிக்கால் தசைநாண் இறுக்கத்துக்கு நாளாந்தப் பயிற்சி. முழங்காலை நேராக வைத்து, ஒரு கையால் குதிக்காலைக் கிண்ணம்போலப் பிடித்து, முன்கையைப் பாதத்தின் அடியில் கொடுத்து மெல்ல மேலே தள்ளுங்கள். 20, 30 வரை எண்ணிப் பிடித்து விடுங்கள், ஒரு காலுக்குப் பத்து முறை, கிழமையில் குறைந்தது ஐந்து நாள். இழுக்கிறது என்று சொல்லலாம், நோகுது என்று அழக்கூடாது. இரவில் பாதத்தை 90 பாகையில் பிடிக்கும் கால்தாங்கி, அதாவது ஸ்பிளின்ட். நடக்கும் நேரத்தில் அதைப் போட்டால் விழுவான், குதியைத் தூக்கி நடப்பதுதான் அவனுக்குச் சமநிலை. புக்கை கட்டுவதும் எண்ணெய் தேய்ப்பதும் மெதுவாகச் செய்தால் பாதகமில்லை, "எலும்பு எடுக்கிற" முறிவு வைத்தியம் வேண்டாம். பலம் வரட்டும் என்று இருந்து எழும்ப வைப்பது, படியிறங்க வைப்பது, மண்மூட்டை தூக்க வைப்பது எல்லாம் கிழிந்த படங்கைக் காற்றில் இழுப்பது. விளையாடிய பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே வைத்தியசாலை. நீச்சல் நல்லது. வவுனிக்குளமோ முத்தையன்கட்டோ, இடுப்பளவு தண்ணி, பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், துருசுப் (மதகு) பக்கம் போகாமல். முதலை நடமாட்டம் உள்ள குளமென்றால் கிணற்றடித் தொட்டியே போதும்.

பத்து, பன்னிரண்டு வயதளவில் நடை நிற்கும், ஸ்டீரொயிட் எடுத்தால் சில வருடம் பிந்தும். வீட்டை அதற்கு முதலே மாற்றுங்கள். வீட்டுத்திட்ட வீடுகளில் அத்திவாரம் உயர்ந்து மூன்று படி இருக்கும். சாய்தளத்துக்கு 1க்கு 12 கணக்கு: படியின் மொத்த உயரம் 18 அங்குலமென்றால் 18 அடி நீளம். வளவில் இடம் தாராளம், ஆனாலும் ஆறடியில் முடித்துவிடுகிறார்கள், தாயால் தள்ள ஏலாது, இறங்கும்போது பிள்ளை முன்னால் விழும். அகலம் மூன்றரை அடி, இரண்டு ஓரத்திலும் மூன்று அங்குலக் கட்டு, மேல் முகம் வழவழப்பாக இல்லாமல் ஈரச் சீமெந்தில் தும்புத்தடியால் கீறி விட்டது. மேலே கதவுக்கு முன்னால் ஐந்தடிச் சதுரம் மட்டமாக.

வீல்செயாரில் நன்கொடை தான் பிரச்சினை. வருவது பெரும்பாலும் 18 அங்குல இருக்கையுள்ள பெரியவர்களின் கதிரை, தொங்கு துணி ஆசனம். பத்து வயதுப் பிள்ளை அதில் ஒரு பக்கம் சரிந்தே இருப்பான், முதுகு வில்லாக வளையும். இருக்கை அகலம் இடுப்பு அகலத்தோடு இரண்டு பக்கமும் ஓரங்குலம், அவ்வளவுதான். வேறு கதிரை கிடைக்கும்வரை அரை அங்குல ஒட்டுப்பலகை வெட்டி இருக்கையில் போட்டு, மேலே இரண்டங்குல ஸ்பொஞ், பக்கங்களில் இடைவெளிக்கு இறுகச் சுருட்டிய துவாய். கால்மிதி முழங்காலை 90 பாகையில் வைக்கவேண்டும். மோட்டார்சைக்கிளில் இருவருக்கு நடுவில் இருத்திக் கொண்டுபோகும்போது கால் சில்லுக்குள் போகும். சாறிக்காட் பூட்டாத பக்கத்தில் கால் தொங்க விடவேண்டாம்.

இதயமும் சுவாசமும் பிள்ளை முறைப்பாடு சொல்லாமலே பலவீனப்படும். கண்டுபிடித்த நாளிலிருந்து வருடத்துக்கொரு எக்கோ, பத்து வயதுக்குள் எக்கோ சரியாக இருந்தாலும் இதயத்தைக் காக்கும் ஏ.சி.ஈ. தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். ஆறு வயதிலிருந்து ஊதிப் பார்க்கும் சுவாசப் பரிசோதனை. காலையில் தலையிடி, இரவில் அடிக்கடி விழிப்பு, வகுப்பில் நித்திரை என்றால் இரவில் கரியமிலவாயு தேங்குகிறது. பஸ் பயணம் அரை நாளைத் தின்னும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் எல்லாப் பரிசோதனைக்கும் ஒரே திகதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

யூடியூப்பில் வரும் ஸ்டெம்செல் விளம்பரத்துக்குக் காணியை ஈடு வைக்காதீர்கள். எக்ஸோன் 51ஐத் தாண்டி வாசிக்கவைக்கும் மருந்துக்கு 2016இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, அது பொருந்துவது 100இல் 13 பிள்ளைகளுக்கே. 2023இல் மரபணுச் சிகிச்சை வந்தது. விலை 30 இலட்சம் டொலருக்கும் மேல். வைரசுக் கூட்டில் அடங்குவது நாலாயிரத்து எழுநூறு எழுத்தளவுதான், டிஸ்ட்ரோபினுக்கு வேண்டியது பதினோராயிரம், அதனால் குறுக்கிய வடிவமே போகிறது. 2025இல் அதைப் பெற்ற, நடக்க முடியாத இரண்டு பதின்ம வயதினர் ஈரல் செயலிழந்து இறந்தார்கள்.

கடைசியாக ஓர் அட்டை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, லமினேட் செய்து, கிளினிக் கொப்பியின் அட்டையில் ஒன்று, கதிரையின் பின்பையில் ஒன்று. எழுதவேண்டியவை: டுஷென் தசைநலிவு. தினமும் ஸ்டீரொயிட், நிறுத்தக்கூடாது. மயக்க மருந்தில் சக்சமெத்தோனியமும் மூச்சால் இழுக்கும் வாயுக்களும் கூடாது. எஸ்.ஜி.பி.ரி., எஸ்.ஜி.ஓ.ரி. எப்போதும் கூடுதலாகவே இருக்கும். மூச்சுத் திணறினால் கரியமிலவாயு அளக்காமல் ஒட்சிசன் மட்டும் கொடுத்து விடவேண்டாம், ஊதி உதவும் சுவாசம் தேவைப்படும். விழுந்து அல்லது எலும்பு முறிந்து மூன்று நாளுக்குள் மூச்சு வாங்கினாலோ புலம்பினாலோ கொழுப்புத் துணிக்கை நுரையீரலுக்குப் போயிருக்கலாம். மாவு கட்டுப் போட்டுப் படுக்க வைக்கும் நாட்களைக் குறைக்கவும்.